ரோமானியச் சிப்பாயைப் பற்றி முதல் கதை: காலுறையில் தொடங்குங்கள்

நான் எழுதிய முதல் ரோமானியக் கதையின் முதல் வரியிலேயே நாயகன் அங்கவடியில் கால் வைத்துக் குதிரைமேல் தாவினான். படிக்கக் கொடுத்த நண்பர் அந்த வரியோடு தாளைத் திருப்பித் தந்துவிட்டார். ரோமானியர்களிடம் அங்கவடியே கிடையாது. ஐரோப்பாவுக்கு அது வந்து சேர இன்னும் சில நூற்றாண்டுகள் இருந்தன. அவர்களுடைய சேணத்தின் நான்கு மூலையிலும் கொம்புபோல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதில் தொடையை இடுக்கிக்கொண்டுதான் குதிரைவீரன் உட்கார்ந்தான்.

அங்கவடி சின்னத் தவறு. பெரிய தவறு வேறு. இரண்டாம் பத்தியில் நாயகன் தளபதியின் மகளைப் பார்த்தான், மூன்றாம் பத்தியில் போர் முரசு ஒலித்தது. நம் ராஜா ராணிக் கதைக்கு ரோமானியச் சட்டை மாட்டிவிட்டிருந்தேன், அவ்வளவுதான். அந்தச் சிப்பாய் என்ன சாப்பிட்டான், யாரோடு படுத்து உறங்கினான், மாசக் கடைசியில் கையில் எவ்வளவு இருந்தது என்று என்னைக் கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

இப்போதுதான் எழுத வருகிறவர்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்பதற்காக, எனக்குக் கைகொடுத்த வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: ஆண்டும் ஊரும் படைப்பிரிவும்

பொதுவான ‘ரோமானியச் சிப்பாய்’ என்று ஒருவன் கிடையாது. ஜூலியஸ் சீசர் காலத்தவன் வேறு, நானூறு ஆண்டு கழித்து வந்தவன் வேறு. ஆயுதம், சம்பளம், கும்பிட்ட சாமி எல்லாமே மாறிவிட்டன. சிரியாவில் வெயிலில் காய்ந்தவனையும் பிரிட்டனில் மழையில் ஊறியவனையும் ஒரே ஆளாக எழுத முடியாது. முதல் வரி எழுதுவதற்கு முன் ஒரு ஆண்டு, ஒரு ஊர், ஒரு படைப்பிரிவு என்று மூன்றையும் தாளின் தலையில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் கதைக்கு நான் எல்லோருக்கும் சொல்லும் இடம் விண்டோலாண்டா. கி.பி. 100 வாக்கில், பிரிட்டனின் வட எல்லையில் இருந்த மரக் கோட்டை அது. ஏன் அந்த ஊர் என்றால், சிப்பாய்களின் கடிதங்களே அங்கே கிடைத்திருக்கின்றன. 1973இல் ராபின் பர்லி அங்கே தோண்டியபோது ஈர மண்ணிலிருந்து மெல்லிய மரச் சீவல்கள் வந்தன. ஒட்டிக்கொண்டிருந்த இரண்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மசியெழுத்து. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம், அஞ்சலட்டை அளவு. காற்றுப் பட்டதும் எழுத்து மங்கியது. பிறகு அகச்சிவப்புப் புகைப்படம் எடுத்துத்தான் படித்தார்கள். இன்றுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள் வந்துவிட்டன. பெரும்பாலானவற்றின் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் ஓலைச் சுவடிகளைக் கரையான் தின்றதை நினைத்தால், சேற்றுக்குள் கிடந்து தப்பிய இந்த ஏடுகள்மேல் கொஞ்சம் பொறாமை வரத்தான் செய்கிறது.

அங்கே இருந்தவர்கள் ரோமாபுரிக்காரர்களும் அல்ல. துணைப்படைக்காரர்கள். துங்ரியர்கள் இன்றைய பெல்ஜியப் பக்கம். பட்டாவியர்கள் ரைன் நதி கடலில் கலக்கும் தாழ்நிலத்து ஆட்கள். 25 ஆண்டு பணி முடித்தால்தான் ரோமானியக் குடியுரிமை. அதற்கு அத்தாட்சியாக வெண்கலத் தகட்டில் பட்டயம் வாங்கிக்கொள்ளலாம். ரோமைக் கண்ணால்கூடப் பார்க்காதவன் ரோமுக்காக மழையில் காவல் நிற்கிறான் என்பதிலேயே உங்கள் கதையில் பாதி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கி.பி. 100இல் கதை நடந்தால், அந்த எல்லையில் பேரரசர் ஹேட்ரியன் எழுப்பிய நீண்ட சுவரைக் கொண்டுவந்துவிடாதீர்கள். அதன் வேலை 122இல்தான் தொடங்கியது. பட்டாவியர்களோ 105 வாக்கிலேயே மூட்டை கட்டிக்கொண்டு டான்யூப் பக்கம் போய்விட்டார்கள்.

படி 2: ஒரே ஒரு ஏட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் முதலில் செய்வது பேரரசின் வரலாறு முழுவதையும் படிப்பது. ஆறு மாதம் போகும், கதை வராது. ஒரு கடிதத்தை எடுங்கள். அதை யார் எழுதினான், எதற்கு எழுதினான், போய்ச் சேர்ந்ததும் என்ன நடந்தது என்று மட்டும் யோசியுங்கள்.

எனக்குப் பிடித்த சிலவற்றைச் சொல்கிறேன். கோட்டையில் இருந்த ஒருவனுக்கு யாரோ பொட்டலம் அனுப்பியிருக்கிறார்கள்: காலுறைகள், இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு ஜோடி உள்ளாடை. அனுப்பியவர் பெயர் அழிந்துவிட்டது. தாயா, அக்காவா, பழைய கூட்டாளியா? தெரியாத அந்த இடம்தான் எழுதுகிறவனுக்கான இடம்.

மாஸ்க்லஸ் என்ற அதிகாரி, தன் படைத்தலைவர் ஃபிளேவியஸ் செரியாலிஸுக்கு எழுதுகிறான். நாளைக்கு நாங்கள் எல்லோரும் திரும்ப வேண்டுமா, பாதிப் பேர் மட்டுமா என்று உத்தரவு கேட்கிறான். கடைசியில் ஒரு வரி: என் ஆட்களிடம் பீர் தீர்ந்துவிட்டது, அனுப்பச் சொல்லுங்கள். கோட்டைக் கணக்கில் அட்ரெக்டஸ் என்று பீர் காய்ச்சுகிறவன் பெயரும் இருக்கிறது. ஆக, கேட்டவனும் இருக்கிறான், காய்ச்சுகிறவனும் இருக்கிறான். நடுவில் ஒரு சேற்றுப் பாதையும் ஒரு வண்டியும் வேண்டும். அதுவே ஒரு சிறுகதை.

கிரவுட்டியஸ் என்பவன், ஆளுநரிடம் குதிரை பார்க்கும் தன் பழைய கூட்டாளி வெல்டியஸுக்கு எழுதுகிறான். இவ்வளவு நாளாக ஒரு கடிதமும் இல்லையே என்று கோபித்துக்கொள்கிறான். பெற்றவர்களைப் பற்றி ஏதும் சேதி உண்டா என்கிறான். அப்படியே, கால்நடை வைத்தியர் விரிலிஸ் தருவதாகச் சொன்ன கத்தரிக்கோல் என்ன ஆயிற்று என்று கேட்கச் சொல்கிறான். பிரிவும் கத்தரிக்கோலும் ஒரே மூச்சில் வருகின்றன. இதை நாமாகக் கற்பனை செய்திருந்தால் கத்தரிக்கோலை விட்டிருப்போம்.

பெண்களும் உண்டு. இன்னொரு கோட்டைத் தலைவரின் மனைவி கிளாடியா செவெரா, செரியாலிஸின் மனைவி சல்பீசியா லெப்பிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். நாள் செப்டம்பர் 11. கடிதத்தை எழுத்தர் எழுதியிருக்கிறார். கடைசி இரண்டு மூன்று வரியை மட்டும் அவளே தன் கோணல் எழுத்தில் எழுதி, வந்துவிடு அக்கா என்று உருகுகிறாள். ஒரு பெண் தன் கையால் லத்தீனில் எழுதி நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று.

பிரிட்டன் வேண்டாம், வெயில் வேண்டும் என்றால் எகிப்தின் பாப்பிரஸ் (நாணல் தாள்) கடிதங்களுக்குப் போங்கள். அப்பியன் என்ற பையன் இத்தாலியில் மிசேனம் துறைமுகத்தில் கடற்படையில் சேர்ந்ததும் அப்பாவுக்கு எழுதுகிறான். கடலில் ஆபத்து வந்தபோது செராப்பிஸ் சாமி காப்பாற்றியது. வழிச்செலவுக்கு மூன்று பொற்காசு கொடுத்தார்கள். என் படத்தை அனுப்பியிருக்கிறேன். இனி என் பெயர் அன்டோனியஸ் மாக்ஸிமஸ். ஊர்ப் பெயரைக் கழற்றிவிட்டு ரோமானியப் பெயரை மாட்டிக்கொண்ட ஒருவன், அந்த வரியை எழுதும்போது அவன் முகம் எப்படி இருந்திருக்கும்?

படி 3: சம்பளக் கணக்கைப் போடுங்கள்

இதைச் செய்யாமல் நகராதீர்கள். ரோமானியச் சிப்பாய்க்கு உப்பைச் சம்பளமாகக் கொடுத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். காசுதான் கொடுத்தார்கள், ஆண்டுக்கு மூன்று தவணையாக. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் லீஜியன் என்ற குடிமக்கள் படையின் சிப்பாய்க்கு ஆண்டுக்கு 225 டினாரியஸ், அதாவது வெள்ளிக் காசு. பிறகு வந்த பேரரசர் டொமிஷியன் அதை 300 ஆக்கினார்.

ஆனால் முழுத் தொகை கைக்கு வராது. கி.பி. 81இல் எகிப்தில் இருந்த குவின்டஸ் ஜூலியஸ் புரோகுலஸ் என்ற சிப்பாயின் கணக்கு பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. முதல் தவணை 248 டிராக்மா (எகிப்தில் புழங்கிய காசு, டினாரியஸைவிட மதிப்பு குறைவு). பிடித்தம்: வைக்கோலுக்கு 10, சாப்பாட்டுக்கு 80, காலணிக்கும் வாருக்கும் 12, முகாமின் சாட்டர்னேலியா பண்டிகைக்கு 20, துணிக்கு 60. மொத்தம் 182 போய், கணக்கில் நின்றது 66. மூன்றாம் தவணையில் துணிக்கு மட்டும் 146. அதில் வரவும் செலவும் சரிக்குச் சரி, மிச்சம் ஒன்றுமில்லை.

உங்கள் பாத்திரத்துக்கும் இப்படி ஒரு சீட்டு எழுதுங்கள். யாருக்குக் கடன், யாரிடம் சூதில் தோற்றான், காலணி ஆணி தேய்ந்துவிட்டதா. கதையில் அந்த எண்கள் வராமலே போகலாம். ஆனால் பண்டிகைக்கு 20 பிடித்துக்கொண்டார்களே என்று புலம்பும் ஒருவனை நீங்கள் எழுதும்போது, சம்பள நாளன்று ஒரு தடவையாவது பிடித்தத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட எவனுக்கும் அவன் சொந்தக்காரனாகிவிடுவான்.

படி 4: எட்டுப் பேரோடு குடியிருங்கள்

ரோமானியப் படையின் அடிப்படை அலகு எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு. பயணத்தில் ஒரே தோல் கூடாரம், கோட்டையில் ஒட்டினாற்போல் இரண்டு அறை: முன்னறையில் தட்டுமுட்டு, பின்னறையில் படுக்கை. அடுப்பு ஒன்று. மாவரைக்கும் கல் ஒன்று. இப்படிப் பத்துக் குழு சேர்ந்தால் ஒரு செஞ்சுரி. பெயர்தான் நூறு, ஆள் 80. ஆறு செஞ்சுரி ஒரு கோஹார்ட். பத்துக் கோஹார்ட் ஒரு லீஜியன்.

கதைக்கு லீஜியன் வேண்டாம், அந்த எட்டுப் பேர் போதும். அதிலும் நான்கு பேருக்குமேல் பெயர் கொடுக்காதீர்கள். வாசகருக்கு லத்தீன் பெயர்கள் சீக்கிரம் குழம்பும். ஒருவன் குறட்டை விடுவான், ஒருவன் மாவரைக்கும் முறை வரும்போதெல்லாம் வயிற்றுவலி என்பான், ஒருவனுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும், மற்றவர்களின் கடிதமெல்லாம் அவன் கையால். கடைசி ஆளை விட்டுவிடாதீர்கள், கதைக்கு அவன் ரொம்ப உபயோகம்.

கோட்டை எப்போதும் நிறைந்திருக்கும் என்றும் நினைக்காதீர்கள். முதலாம் துங்ரியர் கோஹார்ட்டின் ஆள் கணக்கு ஒன்று மே 18 தேதியிட்டுக் கிடைத்திருக்கிறது. மொத்தம் 752 பேர். அதில் 456 பேர் ஊரில் இல்லை: 337 பேர் கோரியா என்ற பக்கத்துக் கோட்டையில், 46 பேர் ஆளுநரின் மெய்க்காவலில், மீதிப் பேர் அங்கங்கே. இருந்த 296 பேரிலும் 15 பேர் நோயில், 6 பேர் காயத்தில், 10 பேர் கண்நோயில். வேலைக்கு லாயக்கானவர்கள் 265. போரில் காயம்பட்டவனைவிடக் கண்ணில் பூளை தள்ளிக் கிடந்தவன் அதிகம்! அடுப்புப் புகை சூழ்ந்த அறையில் எட்டுப் பேர் ஒரே துணியில் முகம் துடைத்தால் வேறென்ன ஆகும் என்று நானாக ஒரு காரணம் கற்பித்து, அதிலிருந்தே என் இரண்டாவது கதையை எழுதினேன்.

படி 5: அவர்களுடைய பொழுதைப் பழகுங்கள்

‘ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான்’ என்று எழுதினால் அன்றே கதை செத்தது. பகலைப் பன்னிரண்டாகப் பிரித்தார்கள். பகல் நீண்டால் மணியும் நீளும். பிரிட்டனின் வடக்கே நடுக்கோடையில் அவர்களுடைய ஒரு மணி நம் ஒன்றரை மணிக்குக் கிட்டே. நடுக்குளிரில் நாற்பது நிமிடம்கூட வராது. இரவை நான்கு காவலாகப் பிரித்தார்கள். இதற்கு நம்மிடம் சாமம் என்ற சொல் தயாராக இருக்கிறது. மூன்றாம் சாமக் காவல் என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு உடனே குளிர் ஏறும்.

தேதியைப் பின்னாலிருந்து எண்ணினார்கள், இரு முனை நாளையும் சேர்த்து. மேலே சொன்ன மே 18ஐ அந்த ஏடு ‘ஜூன் முதல் நாளுக்கு முன் பதினைந்தாம் நாள்’ என்கிறது. அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள் என்று பேசிப் பழகிய நமக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

படி 6: வயிறும் காலும்

தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், மக்காச்சோளம் நான்கும் அமெரிக்காவிலிருந்து பின்னால் வந்தவை. கதையில் எங்கேயாவது நுழைந்திருந்தால் வெட்டுங்கள். கோதுமையை மாவாக்கி ரொட்டி, அல்லது கஞ்சி மாதிரி ஒரு களி. உப்புக்கண்டம் போட்ட பன்றிக்கறி, பயறு, பாலாடைக்கட்டி. புளித்த திராட்சை மதுவில் தண்ணீர் கலந்து போஸ்கா என்று குடித்தார்கள். தென்பகுதி ஆள் மதுவைக் கேட்பான், பட்டாவியன் பீரைக் கேட்பான். இதை வைத்தே ஒரு சண்டை மூட்டலாம்.

ஒரு ஏட்டில் சிப்பாய்களின் பாக்கிக் கணக்கு இருக்கிறது. அதில் காம்பாக்ஸ் என்பவன் பெயருக்கு நேரே: மிளகு, 2 டினாரியஸ். எல்லைக் கோட்டையில் கிடந்த சாதாரணச் சிப்பாய் மிளகு வாங்கியிருக்கிறான். அந்த மிளகு முசிறி போன்ற மேற்குக் கரைத் துறைகளிலிருந்து கப்பலேறிச் செங்கடல், அலெக்சாந்திரியா வழியாகப் போன சரக்கு. யவனர் கப்பல் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்று அகநானூறு சொல்லும் அதே கறி, அதாவது மிளகு. இந்த இடத்தில் கை துறுதுறுக்கும். ஒரு சேர நாட்டு வணிகனை நேரே கோட்டை வாசலுக்கு அனுப்பத் தோன்றும். வேண்டாம். அந்த மிளகு எங்கிருந்து வருகிறது என்று காம்பாக்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. தெரியாமல் அவன் களியில் தூவித் தும்மினால் போதும், நம் வாசகருக்குத் தெரியும்.

அடுத்தது கால். சிப்பாயின் காலணி அடியில் இரும்பு ஆணிகள் அடித்திருக்கும். மண்ணில் பிடிமானம், கல்தரையில் ஆபத்து. கி.பி. 70இல் எருசலேம் முற்றுகையின்போது ஜூலியானஸ் என்ற செஞ்சுரியன் (செஞ்சுரியின் தலைவர்) தனியாளாக எதிரிகளைத் துரத்திக்கொண்டு போனார், ஆலயத்தின் கல் பாவிய தரையில் ஆணி வழுக்கி விழுந்தார், சூழ்ந்துகொண்டு கொன்றார்கள். எழுதி வைத்தவர் அந்தப் போரை நேரில் கண்ட ஜோசிபஸ். எத்தனை வாள் சண்டைக் காட்சி எழுதினாலும் இந்த ஒரு வழுக்கலுக்கு ஈடாகாது.

நடையும் சும்மா இல்லை. கோடை மணிக்கணக்கில் ஐந்து மணியில் இருபது ரோமானிய மைல், அதாவது சுமார் 30 கிலோமீட்டர் என்று போர்க்கலை நூல் எழுதிய வெஜிஷியஸ் பயிற்சி அளவு சொல்கிறார். அவர் பிற்காலத்தவர், இருந்தாலும் ஒரு கணக்குக்கு உதவும். ஆயுதத்தோடு ரம்பம், கூடை, மண்வெட்டி, கோடரி, மூன்று நாள் சாப்பாடு என்று சுமந்ததாக ஜோசிபஸ் எழுதுகிறார். போய்ச் சேர்ந்ததும் படுக்க முடியாது, பள்ளம் வெட்டி அரண் போட வேண்டும். படைவீரன் என்று எழுதும்போது மனதில் பாதி மண்வெட்டிக்காரனை நிறுத்திக்கொள்ளுங்கள்.

சினிமாவில் எல்லோர் மணிக்கட்டிலும் தோல்பட்டை கட்டியிருக்குமே, அதையும் கழற்றிவிடலாம்.

படி 7: தடியும் லஞ்சமும் லீவும்

கதைக்குள் ஒரு இறுக்கம் வேண்டும் என்றால் எதிரியைத் தேடி மலையேற வேண்டாம். செஞ்சுரியன் பக்கத்திலேயே இருக்கிறார், கையில் திராட்சைக் கொடித் தடியோடு. டான்யூப் பக்கம் பன்னோனியாவில் கி.பி. 14இல் நடந்த கலகத்தை ரோமானிய வரலாற்றாசிரியர் டேசிட்டஸ் எழுதியிருக்கிறார். லூசிலியஸ் என்ற செஞ்சுரியனுக்குச் சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயர் ‘இன்னொன்று கொண்டா’. ஒருவன் முதுகில் தடி முறிந்ததும், அடுத்த தடிக்கு அவர் போடும் சத்தம் அது. கலகத்தில் அவரைக் கொன்றுவிட்டார்கள். அதே கலகத்தில் பெர்சென்னியஸ் என்ற சிப்பாய் கேட்டவை: நாளுக்கு ஒரு டினாரியஸ், பதினாறு ஆண்டில் விடுதலை. கடினவேலையிலிருந்து தப்பச் செஞ்சுரியனுக்குக் கொடுக்கும் பணமும் எங்கள் கூலியிலிருந்துதானே போகிறது என்றும் முறையிட்டான்.

அலெக்சாந்திரியாவில் இருந்த கிளாடியஸ் டெரென்ஷியானஸ் என்ற இளைஞன் ஊருக்கு எழுதிய கடிதத்தில், இங்கே காசில்லாமல் ஒன்றும் நடக்காது, சிபாரிசுக் கடிதத்தாலும் பயனில்லை என்று சொல்கிறான். நம் ஊர் அலுவலக வாசலில் நின்றவனுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. விண்டோலாண்டாவில் செரியாலிஸிடம் லீவு கேட்டு எழுதிய ஏடுகளும் பல உண்டு. லீவு கேட்பவன், தரக்கூடியவர், நடுவில் கைநீட்டுபவன் என்று மூன்று பேர் கிடைத்துவிட்டால் கதை ஓட ஆரம்பித்துவிடும்.

கல்யாணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிப்பாய் சட்டப்படி மணமுடிக்கக் கூடாது. பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் காலம்வரை அதுதான் விதி. ஆனால் விண்டோலாண்டா மண்ணில் குழந்தைகளின் குட்டிச் செருப்புகள் கிடைத்திருக்கின்றன, சிப்பாய்க் குடியிருப்புக்குள்ளேயே. சட்டத்தில் இல்லாத ஒரு மனைவி, பெயரில்லாத ஒரு பிள்ளை, இன்னும் பதினோரு ஆண்டுப் பணி. தளபதி மகளை விடுங்கள், இவளைப் பற்றி எழுதுங்கள்.

படி 8: எந்தத் தமிழில் பேச வைப்பது

இதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். செஞ்சுரியனைப் பழைய தமிழ் பைபிளில் ‘நூற்றுக்கு அதிபதி’ என்பார்கள். அழகான சொல், ஆனால் கதையில் வந்தால் வாசகர் கோயிலுக்குள் போய்விடுவார். அவருக்கு இருப்பதும் எண்பது பேர்தான். நான் செஞ்சுரியன் என்றே விட்டுவிடுகிறேன். ஒரு கதையில் ஐந்தாறு லத்தீன் சொல்லுக்குமேல் வேண்டாம். அவற்றை முதலில் வரும்போதே காட்சியால் புரியவைத்துவிடுங்கள்; அடிக்குறிப்பு போட்டால் கதை பாடப்புத்தகமாகிவிடும்.

பேச்சுக்கு ஏடுகளே வழிகாட்டும். சிப்பாய்கள் ஒருவரையொருவர் சகோதரன் என்று எழுதினார்கள். அதைச் ‘சகோதரனே’ என்று போட்டால் மேடைப் பேச்சு. வயதைப் பார்த்து அண்ணே, தம்பி என்று போடுங்கள். ஒரே கூடாரத்துக்காரர்களுக்குள் டேய் வரலாம். தலைவரிடம் பேசும்போது ஐயா. மாஸ்க்லஸ் தன் கடிதத்தில் செரியாலிஸைத் தன் ‘அரசன்’ என்றே விளிக்கிறான். செரியாலிஸ் பட்டாவியர்; அந்த இனத்துப் பெரிய வீட்டுப் பிள்ளையாக இருந்திருப்பார் என்று கருதுகிறார்கள். ‘எங்க ராசா, பீர் தீர்ந்துபோச்சு’ என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள், உறவு முழுக்க அதில் வந்துவிடும்.

வருணனையை அடக்கி வாசியுங்கள். என் பழைய கதையிலிருந்து ஒரு வாக்கியம்: ‘கீழ்வானில் கதிரவன் செங்குருதி பாய்ச்ச, அஞ்சா நெஞ்சன் அவன் தன் வீரவாளை உருவினான்.’ அதே ஆளைப் பிறகு இப்படி எழுதினேன்:

‘விடியவில்லை. நாலாம் சாமக் காவல் முடிந்து வந்தவன் காலணியைக் கழற்றாமலே பாயில் சாய்ந்தான். காலுறை ஈரம். போன மாதம் வந்த பொட்டலத்தில் இன்னொரு ஜோடி இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தான், இல்லை. எதிர்ச் சுவரோரம் புதிதாக வந்த பையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உறங்கினான். காலில் அந்த ஜோடி. எழுப்பலாமா என்று சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.’

பெரிய இலக்கியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நண்பர் கடைசிவரை படித்தார்.

படி 9: வேலிக்கு அப்பால் இருப்பவர்கள்

காலுறையும் பீரும் காட்டினால் சிப்பாய்மேல் வாசகருக்குப் பாசம் வந்துவிடும். அது நல்லது, ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. இவர்கள் பிறர் நிலத்தில் கோட்டை கட்டி உட்கார்ந்தவர்கள். ஒரு ஏடு உள்ளூர்க்காரர்களின் போர்முறையைக் குறித்து வைக்கும்போது ‘பிரிட்டன்குலி’ என்கிறது. பிரிட்டன் பொடியன்கள் என்கிற மாதிரி ஒரு ஏளனச் சொல். இன்னொன்றில் ஒருவன் முறையிடுகிறான்: நான் கடல்கடந்து வந்தவன், குற்றமற்றவன், என்னைப் பிரம்பால் அடித்துவிட்டார்கள். தானியக் கணக்கு எழுதிய ஏட்டின் பின்பக்கத்தில் அதை எழுதியிருக்கிறான், வியாபாரியாக இருக்கலாம். அடித்தவன் நம் கதாநாயகனாகவே இருக்கட்டுமே. காலையில் காலுறைக்காக மனம் இளகியவன் மதியம் அந்தப் பிரம்பைப் பிடித்தான் என்று எழுத உங்களுக்குத் துணிச்சல் வந்தால், என் அங்கவடிக் கதையைவிட ஆயிரம் மடங்கு முன்னால் இருக்கிறீர்கள்.

படி 10: இனி எழுத உட்காருங்கள்

ஒரே நாள், ஒரே இடம், ஒரே தேவை. 1,500 சொல்லுக்குள் முடியுங்கள். போர் வேண்டாம், முதல் மூன்று கதைக்காவது வேண்டாம். எழுதி முடித்ததும் ஒரு நாள் விட்டுவிட்டு, பென்சிலோடு உட்கார்ந்து பொருட்களை மட்டும் வட்டமிடுங்கள்: ஒவ்வொரு பாத்திரம், துணி, காய், கருவி. அந்த ஆண்டில் அந்த ஊரில் அது இருந்ததா? தெரியவில்லை என்றால் தேடுங்கள். தேடியும் கிடைக்காவிட்டால் அதை எடுத்துவிட்டு உறுதியாகத் தெரிந்த ஒன்றை வையுங்கள். பெரும்பாலும் வாக்கியம் இன்னும் நன்றாகவே வரும்.

அடுத்து ஆட்களின் பெயர்கள். துணைப்படைக்காரனுக்கு மூன்று பகுதி ரோமானியப் பெயர் வைத்துவிடாதீர்கள், அவன் இன்னும் குடிமகன் ஆகவில்லை. காம்பாக்ஸ், கிரவுட்டியஸ் மாதிரி ஒற்றைப் பெயர், தேவைப்பட்டால் அப்பா பெயர். நம் வழக்கமேதான்.

கடைசியாக முடிவு. ஏடுகள் பெரும்பாலும் பாதியில் உடைந்தவை. மாஸ்க்லஸுக்குப் பீர் போய்ச் சேர்ந்ததா என்று எங்கும் எழுதியில்லை. உங்கள் கதையையும் வண்டி கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே நிறுத்திப் பாருங்கள்.